வெயிலில் மழை கேட்ட வீடு

பெரம்பலூர்
18-4-1983

துபாயில் உத்தியோகம் பார்க்கும் ஜனாப் மீரான் அவர்களுக்கு, தங்கள் பெரம்பலூர் வீட்டில் மூன்று வருஷமாகக் குடியிருப்பவனும், பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவனுமாகிய அய்யம்பெருமாள் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் சம்சாரம் கொளஞ்சியம்மாளும் நலம். இந்த வரியை வழக்கத்துக்காக எழுதவில்லை. போன மாதம் இதை எழுத முடியாத நிலையில் இருந்தேன். தாங்களும், லப்பைக்குடிகாட்டில் தங்கள் வீட்டார் நஜ்முன்னிசாவும் குழந்தைகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

நிற்க, சென்ற மாதம் இருபத்தெட்டாம் தேதி தங்களுக்கு எழுதிய கடிதத்தில், தங்கள் வீட்டில் ஒரு பெண்பிள்ளை நடமாடுகிறாள், அவள் என் சம்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோகிறாள், முப்பது நாளில் வீட்டைக் காலி செய்கிறேன் என்று தெரிவித்திருந்தேன். அது சம்பந்தமாக நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுவதானால் திட்டுங்கள். எனக்கு அது வேண்டியதுதான்.

தை மாதம் லீவில் வந்தபோது சென்ட்டு, டார்ச் லைட், தைலம் இவற்றோடு ஊறுகாய் ஜாடி அளவுக்கு ஒரு சீசா நிறைய வெள்ளை மாத்திரையும் தந்தீர்கள். "எங்க கேம்ப்ல எல்லாரும் இதத்தான் சார் போடுறோம். எந்த வலியா இருந்தாலும் கேக்கும். அக்கா முட்டிக்குக் குடுங்க" என்றீர்கள். பாசத்தோடு தந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரே பெட்டியில் வந்ததை ஐந்து வீட்டுக்குப் பிரித்ததில் இங்கிலீஷ் காகிதம் யார் வீட்டுக்குப் போனதோ, எங்கள் பங்குக்கு வந்தது அரபிக் காகிதம். முப்பத்து நான்கு வருஷ சர்வீஸில் ஒரு காகிதத்தைப் படிக்காமல் நகர்த்தியவன் இல்லை நான். ஆகவே தங்கள் மச்சான் ஜபருல்லா வந்த அன்று அவரை உட்கார வைத்து, காபி கொடுத்து, இதைப் படியுங்கள் என்றேன். அவர் நல்ல பிள்ளை. "ஓதத் தெரியும் சார், அர்த்தம் தெரியாது. எங்கள்ல முக்காவாசிப் பேரு அப்படித்தான். அரபி படிச்ச ஆலிம் யாரையாச்சும் கேட்டுச் சொல்றேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நான்தான், பரவாயில்லை, படியுங்கள் என்றேன். படித்தார். அந்தக் குரல் தங்களுக்குத் தெரியுமே. கூடத்தில் அப்படியே நின்றது. கொளஞ்சி முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டாள். நான் எழுந்து கைகூப்பி நின்றேன். நடுவில் ஒரு எண் வந்தது, அது ஒன்றுதான் அவருக்குப் புரிந்தது. "இங்க மூணுன்னு போட்டிருக்கு சார்" என்றார். மூன்று! ஒரு கிளார்க்குக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? காலை, மத்தியானம், சாயங்காலம் என்று அந்த நிமிஷமே சுவரில் எழுதி ஒட்டினேன். இப்பேர்ப்பட்ட வார்த்தை சொன்ன மாத்திரையைச் சாப்பிட்ட வாயோடு போடுவது மரியாதை இல்லை என்று இவள் சொன்னாள். சரி, குளித்துவிட்டு வெறும் வயிற்றில் என்று முடிவாயிற்று. வேளை தவறாமல் சொம்பில் தண்ணீரும் சீசாவுமாக அவள் முன்னால் போய் நின்றது நான்.

முதல் இருபது நாள் நல்ல குணம். மூன்று வருஷமாக மாடிப்படி ஏறாதவள் மொட்டை மாடியில் மிளகாய் காயப் போட்டாள். இடையில் தலைவலி வந்தது, அதற்குப் பெட்டிக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கி அதையும் கொடுத்தேன். அது வேறு வலி, இது வேறு வலி என்பது என் கணக்கு.

மாசி கடைசியில் ஒரு நாள் பட்டப்பகலில் மார்க்கெட்டிலிருந்து வந்தேன். குளியலறையிலிருந்து சமையல்கட்டு வரைக்கும் சிமெண்டுத் தரையில் ஈரப் பாதம். பெரிய பாதம், தம்பி. அகலமாக, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி. என் பாதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், என்னுடையதை விட அகலம். ஆபீஸ் புத்தி போகுமா, ஸ்கேல் எடுத்து அளந்தும் பார்த்தேன். வீட்டில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை. தடம் பிடித்துப் போனால் அது அடுப்படியில் அவள் பின்னால் போய் முடிகிறது. "கொளஞ்சி, யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டேன். "யாரும் வரலையே" என்று திரும்பினாள். முப்பத்தெட்டு வருஷமாகப் பார்க்கிற முகம். அதை வேறு யாரோ கொஞ்சம் பெரிதாகச் செய்து வைத்த மாதிரி இருந்தது. கண் இடுங்கி, கன்னம் ஊதி, சிரிப்பு மட்டும் அவளுடையது. குனிந்து அவள் காலைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அதற்குப் பிறகு மழை. பங்குனி வெயில், மத்தியானம் பன்னிரண்டு மணி, தார் ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. சாப்பிட உட்காரப் போனவள் தலையைச் சாய்த்து, "மழை புடிச்சுக்கிச்சே" என்று மாடிக்கு ஓடி மிளகாயை அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். நான் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகம் கிடையாது. "சோன்னு கொட்டுது, உங்களுக்குக் கேக்கலையா?" என்கிறாள். தினமும் இப்படி. கதவைப் பார்த்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் மழை கேட்பாள். முகத்தில் பயம் கூட இல்லை. நாலாம் நாள் நானும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தூரத்தில் என்னமோ கேட்கிற மாதிரிதான் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ரேஷன் கடைக்குக் குடையோடு போனேன். ஊரே சிரித்தது.

இனி எழுதுவதற்கு மன்னிக்கவும். தாங்கள் ஆசை ஆசையாகக் கட்டிய மாடர்ன் கக்கூஸில் கறுப்பாக, ரோடு போடுகிற தாரைப் போல ஒன்று கிடக்க ஆரம்பித்தது. தண்ணீர் ஊற்றினாலும் இழுவிக்கொண்டுதான் போகும். கட்டிட வேலையில் கோளாறு என்று நினைத்து மேஸ்திரி ராசாங்கத்தைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு நாலடி பின்னால் போனார். "சார், என் சிமெண்டு இப்படிப் போவாது. ஒண்ணு சொல்றேன், ஓனர்கிட்ட சொல்லிப்புடாதீங்க. இந்த இடம் முன்னாடி குட்டை. நாங்கதான் மண்ணடிச்சு மேடாக்குனோம். அதுல ஒரு பொம்பள விழுந்து போனதாச் சொல்லுவாங்க" என்றார். புது வீட்டில் பேய் ஏது என்று அதுவரை என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். அந்தத் தைரியமும் போயிற்று.

பாடாலூரிலிருந்து குறி சொல்கிற செல்லக்கண்ணுவை வரவழைத்தேன். அவர் கூடத்தில் சூடம் ஏற்றி, இவளையே வெகுநேரம் பார்த்தார். "தண்ணியில போனவ இவ. அவ தண்ணிய மூடி வூடு கட்டிட்டீங்க, அதான் மழையக் கேட்டுக்கிட்டு நிக்கிறா. மொதல்ல பாதம் வந்துச்சு. அப்புறம் மொகம் வந்துச்சு. இனிமே ரத்தம் கேப்பா" என்றார். சொன்னபடியே ஆயிற்று. ஒரே வாரத்தில் இவள் உள்ளங்கை வெள்ளைக் காகிதமாகிவிட்டது. மூன்று படி ஏற மூன்று தடவை உட்கார்ந்தாள். பதினோரு நாள் ஒரு வேளைச் சாப்பாடு, பிறகு திருமழபாடிக்குப் போய்க் கொள்ளிடத்தில் இவளை முழுக்காட்டி, குட்டையில் போனவளை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்பது அவர் சொன்ன பரிகாரம். விரதத்தில் சாப்பாடுதான் குறைந்தது. மாத்திரை மூன்று வேளையும் நான் விடவில்லை. பேய்க்கெல்லாம் நான் பயப்படவில்லை தம்பி. பிள்ளையில்லாத வீடு, இவளும் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன் என்று கொல்லைப்புறம் போய் அழுதேன். அந்த நிலையில்தான் தங்களுக்கு அந்தக் கடிதம் எழுதினேன்.

பன்னிரண்டாம் நாள் திருமழபாடிக்குக் கிளம்பினோம். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி மாற இறங்கியதும் இவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மழை நின்னுடுச்சுங்க" என்று சிரித்தாள். அடுத்த நிமிஷம் காப்பித்தூள் கரைத்த மாதிரி வாந்தி எடுத்து என் மேலேயே விழுந்தாள். எதிரே ஒரு டாக்டரம்மாவின் நர்ஸிங் ஹோம். நாலு பேர் தூக்கினார்கள். டாக்டரம்மா கண் இமையை இழுத்துப் பார்த்து, "ஒடம்புல ரத்தமே இல்லையே, என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்று கேட்டார். "ஒரு மாத்திரையும் இல்லைங்க" என்றேன். பொய் சொல்லவில்லை. மாத்திரை என்றால் டாக்டர் கொடுப்பது, இது துபாய் சாமான் என்பதுதான் என் மனதில். மறுபடியும் கேட்டார், மறுபடியும் இல்லை என்றேன். பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன், மணி பன்னிரண்டு. பையிலிருந்து சொம்பையும் சீசாவையும் எடுத்துக்கொண்டு கட்டிலண்டை போய், "கொளஞ்சி, வாயைத் திற" என்றேன்.

டாக்டரம்மா என் கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. ரியாத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்துத் திரும்பிய ரஹ்மத் என்கிற நர்ஸ் அங்கே இருந்தது. சீசாவில் சுற்றியிருந்த காகிதத்தை அது வாங்கி, ராகம் ஏதும் இல்லாமல் தமிழில் படித்தது. "சாப்பாட்டுக்குப் பிறகுதான் போடணும். டாக்டரைக் கேக்காம மூணு நாளைக்கு மேல போடக் கூடாது. வேற வலி மாத்திரையோட சேக்கக் கூடாது. வயசானவங்க, வயித்துப்புண் உள்ளவங்க ஜாக்கிரதை. கால், மொகம் வீங்கலாம், காதுல இரையலாம். வாந்தியோ வெளிக்கோ கறுப்பாப் போனா உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க." தம்பி, எங்கள் வீட்டில் நடந்தது அத்தனையும் நடப்பதற்கு முன்பே அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது. நான் அதற்குக் கைகூப்பி நின்றிருக்கிறேன்.

வலியையும் வீக்கத்தையும் அடக்குகிற மாத்திரை வயிற்றின் உள்தோலையும் அரிக்குமாம். வெறும் வயிற்றில், வயசான உடம்பில் இன்னும் மோசமாம். புண்ணிலிருந்து ரத்தம் கசிந்து குடல் வழியாக இறங்கினால் தாராகக் கறுத்துவிடுமாம். உப்பும் தண்ணீரும் உடம்பில் தங்கிக் கால் ஊதுமாம். பெட்டிக்கடை மாத்திரையும் அதே குடும்பந்தானாம். "அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் ஒரே வயித்துக்குள்ள எறக்கி விட்டிருக்கீங்களே, பெரியவரே" என்றார் டாக்டரம்மா. சேதி கேட்டு ஓடிவந்து ரத்தம் கொடுத்தது ஜபருல்லா. அர்த்தம் கேட்டுச் சொல்ல மறந்துவிட்டேனே என்று அந்தப் பிள்ளை என் காலைப் பிடித்து அழுதது. இரண்டு பேரும் அழுதோம். பதிமூன்று நாள் கழித்து இவளை நடத்தியே கூட்டிக்கொண்டு வந்தேன். இப்போது மழையும் இல்லை, கறுப்பும் இல்லை, பழைய முகம் வந்துவிட்டது, முட்டிவலியும் வந்துவிட்டது. அதற்கு ஒத்தடமும் டாக்டரம்மா சொன்ன வேறு வைத்தியமும் நடக்கிறது.

ஆகவே தங்கள் வீட்டில் பேய் இல்லை. வேளை தவறாமல் சொம்பும் சீசாவுமாக வந்து நின்ற நான்தான் அது. முந்தைய கடிதத்தைக் கிழித்துப் போடவும். சீசா வாங்கிய மற்ற நாலு வீட்டுக்கும் நேரில் போய் விவரம் சொல்லியாயிற்று. எங்கள் சீசாவில் மீதி இருந்ததைப் பதினைந்தாம் தேதி குழி வெட்டிப் புதைத்துவிட்டேன். கேம்ப்பில் உள்ள பிள்ளைகளும் டாக்டரைக் கேட்காமல் இதை நாள்கணக்கில் போட வேண்டாம் என்று தாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

தங்களுக்கு ஆயுசும், நிழலில் வேலையும், வருஷா வருஷம் லீவும் கிடைக்க இறைவன் அருள் புரியட்டும். பெரியவன் என்ற முறையில் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அ. அய்யம்பெருமாள்

பி.கு: தம்பி மீரானு, நான் கொளஞ்சி எழுதுறேன். அவரு குளிக்கப் போயிருக்காரு, கடுதாசிய ஒட்டாம வச்சுட்டுப் போனாரு, கீழ எடம் இருந்துச்சு. மேல உள்ளதெல்லாம் நெசந்தான், மாத்திரையப் பொதைச்சேன்னு எழுதினது மட்டும் பொய்யி. ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும் ஓடுனதுல அவருக்கு இடுப்புப் புடிச்சுக்கிச்சு. நான் ஆஸ்பத்திரியில கெடக்கயிலேயே சீசாவ எடுத்துப் போட ஆரம்பிச்சுட்டாரு போலருக்கு. நேத்துத்தான் பஞ்சாங்கத்துக்குப் பின்னால கண்டுபுடிச்சேன். கேட்டா, "சாப்புட்டுட்டுத்தானே போடுறேன், மூணு நாளு போட்டா ஒரு நாளு வுட்டுர்றேன், ரூல்படி சரிதான்"ங்குறாரு. முந்தாநாளு செருப்பு சுருங்கிப்போச்சுன்னு தைக்கிறவருகிட்ட சண்டைக்குப் போனாரு. செருப்பு சுருங்கல தம்பி. காலையில எந்திரிச்சவரு செவுத்தப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு, என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்குறாரு. மொகம் வெளுத்துக் கெடக்கு. அவசரத்துல எழுதுறேன், எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்குங்க. சீசா இப்ப என் பையில இருக்கு, டாக்டரம்மாட்ட காட்ட. இந்தக் கடுதாசியப் போடத்தான் போறோம்னு சொல்லி அவரக் கெளப்பி அரியலூரு பஸ்ஸுல ஏத்தப் போறேன். நீங்க மொதல்ல மேல தபால் முத்திரையப் பாருங்க. அரியலூருன்னு இருந்துச்சுன்னா, நாங்க நேரத்தோட டாக்டரம்மாட்ட போயிட்டோம்னு வச்சுக்குங்க.