லெவல்அப் சுவாமிகளின் ஆயுத பூஜை

ஆயுத பூஜை வந்தால் பெங்களூரில் லாரிக்குப் பொட்டு, கம்ப்யூட்டருக்கும் பொட்டு. ஆன்லைன் கேமில் இருக்கும் கத்திக்கு யார் வைப்பது? அந்தக் குறையைத் தீர்க்க ஜோகுபாளையத்தில் அவதரித்தார் லெவல்அப் சுவாமிகள்.

கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. வைட்ஃபீல்டிலிருந்து ஐ.டி. மேதைகள் கேப் பிடித்து வந்திருந்தார்கள். வாசலில் செருப்போடு மூளையையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

சுவாமியின் கழுத்தில் ருத்திராட்சம், காதில் ஹெட்போன், பின்னால் பெரிய திரை.

"நம்ம லிங்க்கைத் தொறந்து கேம் ஐடி, பாஸ்வேர்ட் போடுங்க. வர்ற ஓடிபியையும் போடுங்க. திருஷ்டி கழிஞ்சு ஆயுதத்தோட விலை ஏறும்" என்றார். கட்டணம் கிடையாதாம். எவ்வளவு பெரிய மனசு!

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த கவினிடம் கேமில் ஒரு நாகவாள் இருந்தது. வருஷக்கணக்கில் தூக்கம் கெட்டுச் சேர்த்த ஆயுதங்களை எல்லாம் கொடுத்து மாற்றிக்கொண்டது. அதை வேறொரு ஆட்டக்காரருக்கு நிஜக் காசுக்கு விற்றுத்தான் தங்கையைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். பாஸ்வேர்டைப் போட்டுவிட்டான். போனுக்கு ஓடிபியும் வந்துவிட்டது.

"டேய், நில்லு. அதைப் போடாத" என்றாள் அவனோடு ஒரே அணியில் ஆடும் மெர்சி.

"சாமியப் போய் சந்தேகப்படலாமா?"

"சாமிக்கு எவ்ளோ தெரியும்னு பாத்துடலாம், இரு."

அதே லிங்க்கைத் தன் போனில் திறந்தாள். பெயர், பூசணிக்காய். பாஸ்வேர்ட், தேங்காய். ஓடிபி வரவே இல்லை. வாய்க்கு வந்த எண்ணைப் போட்டாள். உடனே மணியோசையோடு மேடைத் திரையில் எழுத்து ஓடியது: "பூசணிக்காய் அவர்களே, உங்கள் வாளுக்குத் திருஷ்டி கழிந்தது."

மெர்சி எழுந்து நின்றாள்.

"சாமி, அப்படி ஒரு ஆளே கெடையாது. நெஜ கேம்ல ஒரு எழுத்து தப்புனாலும் உள்ள விடாது. உங்க பக்கம் எதைப் போட்டாலும் வாங்கிக்குது. அப்போ நாங்க போடுறது கேமுக்குப் போகல, உங்களுக்குத்தான் வருது."

சுவாமி சட்டென்று தியானத்தில் ஆழ்ந்தார். முதலில் அருள் பெற்ற ரவிக்குமார் தன் கேமைத் திறந்து பார்த்தார்.

"என் துப்பாக்கி எங்க சாமி?"

"பூஜைக்குப் போயிருக்கு, வந்துடும்" என்றார் சுவாமி, ஒரு கண்ணை மட்டும் திறந்து.

பூஜை பின்னறையில் நடந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்து பார்த்தால், அங்கே சீடர்கள் லேப்டாப்பில் அவர் துப்பாக்கியை யாருக்கோ விற்றுக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகத் தாவப் பார்த்த சுவாமியைக் கூட்டம் வேட்டியோடு பிடித்தது.

கவின் நிஜ கேமுக்குள் போய் பாஸ்வேர்டை மாற்றினான். நாகவாள் இருந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே செருப்பு தேடிக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "இவன் டூப்பு. ஆனேக்கல் ஊர்ல ஒருத்தர் இருக்காராம், அவர்தான் ஒரிஜினலாம்."

ஐயா, செருப்பு கிடைத்துவிட்டதா? கூடவே கழற்றி வைத்த இன்னொன்றையும் எடுத்துத் துடைத்து மாட்டிக்கொள்ளுங்கள். அதுவும் ஆயுதம்தான்.