ஆறு அம்பு நேரம்

“நான் என்ன சுவத்துகிட்டயா பேசிட்டிருக்கேன்? சுவரா இருந்தாலாவது ஒரு ஆணி அடிச்சு எதையாவது மாட்டலாம். உங்களால அதுவும் முடியாது!”

அன்று சாயங்காலம் இதே வசனம் மூன்றாவது முறையாக வந்தது. ஒரு எழுத்து மாறவில்லை. ஆணி இருந்த இடத்தில் ஆணி இருந்தது. கண்ணாடிக்காரரும் இருந்த இடத்திலேயே இருந்தார். கூடத்தின் நடுவில், பக்கவாட்டில் நின்று, இடது கையைச் சுவர்க்கடிகாரத்தை நோக்கி நீட்டியிருந்தார். வலது கை தாடைக்கு அடியில். இரண்டு கைக்கும் நடுவே ஒரு பச்சை ரப்பர் பட்டை, விட்டால் முன்பல்லைப் பேர்த்துவிடுகிற விறைப்பில்.

“தண்ணித் தொட்டி நிரம்பி வழியுது. மோட்டாரை அணைங்கன்னு சொன்னேனே, கேக்குதா இல்லையா?”

கேட்டது. நன்றாகவே கேட்டது. மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தமும், கீழ் வீட்டுக்காரர் “யாருய்யா மேல?” என்று கத்துவதும்கூடக் கேட்டது. ஆனால் பதில் சொல்ல வழியில்லை. அவர் ஸோனில் இருந்தார். ஸோனில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. அப்படியென்று அவரே இந்த வீட்டில் அறிவித்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

மனைவி தையல் மெஷினை விட்டு எழுந்து, தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையைத் தோளில் போட்டபடியே போய் மோட்டாரை அணைத்துவிட்டு வந்தாள். வரும்போது அவர் காதைச் சற்று உற்றுப் பார்த்தாள். அதை அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

கண்ணாடிக்காரர் விற்பது மூக்குக் கண்ணாடி. கடையின் பின்பக்கம் ஒரு இருட்டு அறை. அதில் வருகிறவர்களை உட்காரவைத்து, சட்டத்தில் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா இருக்கா? இல்ல இதுவா?” என்று கேட்பது அவர் தொழில். இருபத்துமூன்று வருஷம் இதே கேள்வி. வில்லை தூக்கித் தூக்கித் தோள் மரத்துப்போனது. ஏதாவது விளையாடுங்கள் என்றார் வைத்தியர். கடைக்குப் பின்னால் மைதானத்தில் ஒரு வில்வித்தை கிளப் இருந்தது. ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம், நின்ற இடத்தில் நிற்கலாம். நிற்பதில் அவருக்கு நல்ல அனுபவம். சேர்ந்துவிட்டார்.

அங்கேதான் பயிற்சியாளர், இங்கிலீஷில் ஸோன் என்கிற அந்த லயிப்பு நிலை பற்றிச் சொன்னார். அது வந்துவிட்டால் சத்தம் இருக்காது, தூரம் இருக்காது, நாம்கூட இருக்க மாட்டோம், அம்பு தானாகப் போகும் என்றார். சிலருக்கு வருஷத்துக்கு ஒருமுறை வரும், சிலருக்கு வரவே வராது என்றும் சொன்னார். அந்த இரண்டாவது பகுதியைக் கண்ணாடிக்காரர் மைதானத்திலேயே விட்டுவிட்டு, முதல் பகுதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தார். ஆண்களுக்கு ஒரு புது வார்த்தை கிடைத்தால் போதும், புதுச் சட்டை கிடைத்த மாதிரி வீடெல்லாம் போட்டுக்கொண்டு திரிவார்கள்.

“எனக்கு ஸோன் வந்துடுச்சு,” என்றார் அன்றைக்கே.

“எது? சொறி மாதிரி ஏதாவதா?”

“கிண்டல் பண்ணாதே. மனசு அப்படியே ஒரு புள்ளில நிக்கும். அப்ப நீ கூப்பிட்டாலும் எனக்குக் கேக்காது.”

“கூப்பிட்டா கேக்காம இருக்கறதுக்கு இத்தனை நாள் நீங்க கிளப்ல சேரலையே?” என்றாள் அவள். “நான் ஊசில நூல் கோக்கறப்ப எனக்குந்தான் உலகமே கிடையாது. அதுக்கு யாராவது பேர் வச்சாங்களா?”

வைக்கவில்லை என்பது உண்மைதான். கண்ணாடிக்காரர் அதற்குள், வீட்டில் வில்லுக்குப் பதிலாக இழுத்துப் பழகக் கிளப்பில் கொடுத்த ரப்பர் பட்டையை இழுத்துப் பிடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஸோன் அவருக்கு மிக ஒழுங்காக வந்தது. மோட்டார் போடும் நேரத்தில் வந்தது. குப்பை வாளி கீழே போகும் நேரத்தில் வந்தது. பரணிலிருந்து பெட்டி இறக்க வேண்டுமென்றால் ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்து காத்திருந்தது. மோட்டார் சண்டை நடந்தது இந்த உச்சத்தில்தான்.

மறுநாள் சாயங்காலம் மனைவி சத்தம் போடவில்லை. கையில் ஃபோனோடு வந்து, தேன் தடவின குரலில் பேசினாள். அந்தக் குரலைக் கேட்டதுமே அவர் பட்டையைக் கீழே போட்டிருக்க வேண்டும்.

“என்னங்க, ஸோன்லயா இருக்கீங்க? இருங்க, இருங்க, தொந்தரவு பண்ணலை. எங்கண்ணன் ஒரு மாசம் வந்து தங்கறேங்கறார். உங்களுக்கு இஷ்டமில்லேன்னா இப்பவே சொல்லிடுங்க. லைன்ல இருக்கார்.”

மச்சான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் முப்பது வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர். இப்போது எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும், யார் எதைச் செய்தாலும், வலது காலால் தரையை அழுத்தி “பிரேக்! பிரேக்!” என்பார். கண்ணாடிக்காரர் சோறு அள்ளும்போதுகூடச் சொல்வார்.

“ஒண்ணு… ரெண்டு… மூணு.” அவள் நிதானமாக எண்ணினாள். கண்ணாடிக்காரரின் கண் கடிகாரத்தில் இருந்தது. இப்போது வாயைத் திறந்தால் மூன்று வாரமாகக் கேட்ட அத்தனையும் கேட்டதாகிவிடும்.

“அண்ணா, மாப்பிள்ளைக்கு ரொம்ப சந்தோஷம். வாயே திறக்க முடியலை அவரால.”

மச்சான் ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வந்தார். அடுத்த வாரம் கண்ணாடிக்காரர் பத்திரிகை படிக்கிற சின்ன அறை தையல் அறையாக மாறியது, அவரைக் கேட்டுக்கொண்டுதான். அதற்கடுத்த வாரம் அவருடைய சாய்வு நாற்காலி. பதினைந்து வருஷமாக அவர் முதுகின் அளவுக்குக் குழிந்திருந்த நாற்காலி.

“கீழ் வீட்டுக்காரருக்கு முதுகு வலியாம். நம்ம நாற்காலியைக் கொடுத்துடட்டுமா? அன்னைக்கு நம்ம தண்ணி அவங்க துணியெல்லாம் நனைச்சுடுச்சு, பாவம். வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க.”

இந்த முறை அவர் பொறுக்கவில்லை. ஸோனிலிருந்து கௌரவமாக வெளியே வருவதாகக் காட்டிக்கொண்டு சொல்லிவிடலாம் என்று பட்டையைத் தளர்த்தினார். பட்டை வழுக்கி மேலுதட்டில் சுளீரென்று அடித்தது. கண்ணில் நீர் முட்டியது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

“கண்ணு கலங்குது பாரு அண்ணா. கொடுக்கறதுல அவ்வளவு திருப்தி.”

“பிரேக்!” என்றார் மச்சான், நாற்காலியை வாசல்படியில் திருப்பும்போது.

அதற்கப்புறம் தினமும் கடைக்குப் போகும்போது அதைப் பார்த்துக்கொண்டே போவார். அதில் கீழ் வீட்டுப் பூனை படுத்திருக்கும்.

கிளப்பின் ஆண்டுப் போட்டி வந்தது. கண்ணாடிக்காரர் வில்லை எடுத்தார், அம்பை எடுத்தார், தண்ணீர்ப் புட்டியை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை மட்டும் குளியலறை ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிறவர்! கோட்டில் போய் நின்றபிறகுதான் மூக்கைத் தடவிப் பார்த்தார். விசில் ஊதிவிட்டார்கள். ஆறு அம்பு, நாலு நிமிஷம். திரும்பிப் போக நேரமில்லை.

முதல் அம்பை நாணில் கோத்து, வில்லைத் தூக்கி இழுத்தார். நாண் மூக்கு நுனியைத் தொட்டது. விரல் தாடைக்கு அடியில் வந்து உட்கார்ந்தது. தினமும் இந்த இடத்தில் அவர் மண்டைக்குள் ஒரு பெரிய கூட்டம் நடக்கும். தோளை இறக்கு, முழங்கையைத் தூக்கு, மூச்சை விடு, கடைக்குப் பூட்டுப் போட்டோமா, மச்சான் எப்போது கிளம்புவார். அன்றைக்குக் கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை.

கண்ணாடி இல்லாததால் முப்பது மீட்டர் தள்ளி இருந்த பலகையில் வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று குழைந்து கிடந்தன. நடுவில் மஞ்சள் மட்டும் இருந்தது. அந்த மஞ்சள் மெதுவாகப் பக்கத்தில் வந்தது. கையை நீட்டினால் விரலில் ஒட்டிக்கொள்ளும்போல. அவர் அம்பை விடவில்லை, அம்பு போயிற்று. எங்கே குத்தியிருக்கும் என்று பார்க்கத் தோன்றவில்லை. தெரிந்திருந்தது. இரண்டாவது அம்பும் அப்படியே. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவே ஒரு முழு மத்தியானம் ஓய்வாகக் கழிந்த மாதிரி இருந்தது. தோள் வலியில்லை. வயசில்லை. இருபத்துமூன்று வருஷமாக மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு முதல்முறையாக அவருக்கே பதில் கிடைத்தது. தெளிவாக இருக்கிறது. இதுதான்.

ஆறாவது அம்பு போனதும் விசில் கேட்டது. அதன் பின்னால் காக்கை, லாரி, யாரோ தும்முவது என்று உலகம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. ஐந்து அம்புக்குப் பத்துப் பத்துப் புள்ளி, ஒன்றுக்கு ஒன்பது. அவர் திரும்பினார். அவர் நின்ற இடத்துக்கு இரண்டே எட்டுப் பின்னால், பெஞ்சில், மடியில் கண்ணாடிக் கூட்டோடு மனைவி உட்கார்ந்திருந்தாள்.

“நீ எப்ப வந்தே?”

“முதல் அம்புக்கே வந்துட்டேன்.” கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தாள். தலைப்பு முன்பே கொஞ்சம் ஈரமாக இருந்தது. “ஒண்ணும் கேக்கலையா உங்களுக்கு?”

“இல்லையே. கூப்பிட்டியா?”

“நல்லது,” என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

பக்கத்துப் பலகைக்கு அம்பு விட்டவர் ஒரு பல் டாக்டர். அவருடைய இரண்டு அம்பு வேறு யாருடைய பலகையிலோ குத்தியிருந்தது.

“உங்க காது என்ன கல்லா சார்?” என்றார். “அவங்க பாட்டுக்கு அவ்வளவு சொல்றாங்க. நீங்க பாட்டுக்குப் பத்து பத்தா அடிக்கறீங்க. எனக்குக் குறியே தப்பிப்போச்சு.”

“என்ன சொன்னா?”

பல் டாக்டர் கை உறையைக் கழற்ற ஆரம்பித்தார். அதில் நாலு பட்டைதான் இருந்தது. ஆனாலும் ரொம்ப நேரம் கழற்றினார்.

“உங்களுக்குச் சொன்னது சார். நான் சொல்றது மரியாதையா இருக்காது.”

“ஐயா, நான் உங்க கடைசி ரெண்டு கண்ணாடிக்கு எத்தனை தடவை திருகாணி மாத்தினேன்!”

“அதுக்காக ஒண்ணே ஒண்ணு சொல்றேன்.” டாக்டர் குரலைத் தணித்தார். “திட்டலை.”

அந்த வருஷத்து இரண்டாம் பரிசுக் கோப்பையைக் கண்ணாடிக்காரர் எங்கே வைத்தார் என்று அவருக்கே நினைவில்லை. திட்டவில்லையாம். கல்யாணமான நாளிலிருந்து அவள் திட்டின ஒவ்வொன்றும் அவர் காதில் விழுந்திருக்கிறது. கேட்காத மாதிரி நின்றபோதும் விழுந்தது, போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டபோதும் விழுந்தது. சுவர், ஆணி, மோட்டார், எதுவும் தப்பவில்லை. திட்டாமல் ஒன்று சொல்லியிருக்கிறாள். நாலு நிமிஷம் சொல்லியிருக்கிறாள். அந்த நாலு நிமிஷம்தான் ஐயா ஊரில் இல்லை.

வீட்டில் அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடிக்கும்வரை வாசலில் நின்றார். இதற்கு முன் அப்படி நின்றதில்லை.

“அங்க என்னவோ சொன்னியாமே?”

“சொன்னேன்.”

“கேக்கலைம்மா. சத்தியமா. இந்தத் தடவை நிஜமாவே ஸோன்.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“நான் பேசறது உங்களுக்குக் கேட்டா உங்க காது நுனி துடிக்கும். எலி காது மாதிரி. கல்யாணமான புதுசுலேர்ந்து பாக்கறேன். மோட்டாருக்குத் துடிச்சுது. எங்கண்ணனுக்குத் துடிச்சுது. நாற்காலிக்கு ரெண்டு காதும் சேந்து துடிச்சுது.” நூலைப் பல்லால் கடித்தாள். “அங்க ஒரு துடிப்பு இல்லை. சும்மா பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தேன், அப்பவும் இல்லை. அதான் சொன்னேன்.”

“கேக்காதுன்னு தெரிஞ்சுமா சொன்னே?”

“கேக்காதுன்னு தெரிஞ்சதாலதான் சொன்னேன். இத்தனை வருஷமா உள்ள கிடந்தது. உங்க மூஞ்சியைப் பாத்து அதெல்லாம் சொல்ல வருமா எனக்கு? சொல்லிட்டேன், போச்சு. நகருங்க, வெளிச்சம் மறையுது.”

அதன் பிறகு மோட்டாரை அவர்தான் அணைக்கிறார். குப்பை வாளி தானாகக் கீழே போகிறது. பரண் காலி. மச்சான் இன்னொரு மாசம் இருக்கட்டும் என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். மச்சானே ஆச்சரியத்தில் பிரேக் போட மறந்துவிட்டார். எதற்கும் பயனில்லை. மைதானத்திலும் தினமும் இழுக்கிறார், விடுகிறார். மஞ்சள் முப்பது மீட்டரிலேயே நிற்கிறது. மண்டைக்குள் கூட்டம் நிரம்பி வழிகிறது. எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறார்கள். ஸோன் இனி வந்தாலும் என்ன லாபம் என்பது ஒருநாள் திடீரென்று உறைத்தது. வந்தால் அவள் சொல்வாள், அவருக்குக் கேட்காது. வராவிட்டால் கேட்கும், அவள் சொல்ல மாட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் கண்ணாடிக்காரர் கூடத்தில் வந்து நின்றார். இடது கை கடிகாரத்தை நோக்கி. வலது கை தாடைக்கு அடியில். பச்சை ரப்பர் பட்டை. தலையில் ஒரு கம்பளிக் குல்லா, இரண்டு காதையும் நுனிவரை மூடி இழுத்துவிட்டது. வெயில் காலம். கழுத்தில் வியர்வை வழிந்தது.

“மாப்பிள்ளைக்குக் குளிர் ஜுரமா?” என்றார் மச்சான். கேட்டுவிட்டு எழுந்து மாடிக்குப் போனார்.

தையல் மெஷின் ஓடியது. நின்றது. கண்ணாடிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் அவள் எழுந்து வந்து குல்லாவைப் பார்ப்பது தெரிந்தது. சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு நாற்காலி இழுபட்டது. மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

“எனக்கு இப்ப ஒண்ணுமே கேக்கலைம்மா,” என்றார் அவர், கடிகாரத்தைப் பார்த்தபடி. “சொல்லேன்.”