நாளைக்கு உலை வைக்கட்டுமா?

கோபத்துக்குப் புடவை கட்டி, மேலே ஒரு ஆம்பளைச் சட்டையும் மாட்டி, வில்லியனூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டால் அதுதான் குக்கரக்கா. எட்டாம் கிளாஸோடு நின்று ஊர் ஊராகச் சுற்றியவன் நான். போலீஸ், வட்டிக்காரன், லாரி டிரைவர் என்று வகைவகையாகத் திட்டு வாங்கியிருக்கிறேன். ஒருத்தரும் அவள் கிட்ட நிற்க முடியாது.

நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. குக்கரில் அவள் சமைத்ததும் இல்லை. எண்பது பேருக்கு அண்டாவில்தான் பொங்குவாள். விசில் மட்டும் அவளிடமிருந்து வரும்.

மண்ணாடிப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டு முடிந்து கை சும்மா இருந்தபோது, வில்லியனூருக்கு வெளியே பிளாஸ்டிக் குடம் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். தகரக் கொட்டகையில் தங்கல், கேன்டீனில் சோறு. கரியமாணிக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து அக்கா அடுப்பைப் பற்றவைப்பாள். முதல் நாள் பந்தியில் நான் தட்டுக்கு மேல் கையை நீட்டி, “போதும்கா” என்றேன். கரண்டி நிற்கவில்லை. சாம்பார் என் கைமேலேயே விழுந்தது.

“யாருக்குடா போதும்? எனக்கா?”

சாயந்திரம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஆபீஸ் வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள். “நாளைக்கு உல வெக்கட்டா, வேணாமா?” இரண்டில் ஒரு பதில் வந்தால்தான் நகருவாள். முதலாளியே வந்து பேசினாலும் அவளுக்கு அதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

ஒரு திங்கட்கிழமை மிஷின் ஓடவில்லை. கழுத்தில் நாடாவும் அட்டையும் தொங்க மேனேஜர் வந்து, “டெம்பரரி பிரேக்” என்றார். சின்ன வயசுப் பையன். அடுத்த வாரம் அது “ஹோல்ட்” ஆனது. அப்புறம் “சஸ்பென்ஷன்”. அப்புறம் “ரேம்ப் டவுன்”. வாரத்துக்கு ஒரு புது வார்த்தை கேட்டில் ஒட்டினார்கள். சம்பளம் எந்த வார்த்தையோடும் வரவில்லை.

வேறு வேலைக்குப் போகலாம் என்றால், நாங்களாகவே நின்றுவிட்டோம் என்று எழுதிக்கொள்வார்கள். அதோடு சரி, சல்லிக்காசு கிடைக்காது. கேட்டிலேயே கிடந்தால் பட்டினி. ‘மூடிவிட்டோம்’ என்று அவர்கள் வாயால் சொன்னால் எங்களுக்கு நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும். அந்த ஒரு சொல்லை விழுங்கத்தான் இத்தனை இங்கிலீஷ். ஆடு வெட்டுகிறவன்கூட கத்தியை இப்படி ஒளித்து வைக்கமாட்டான்.

அக்கா மட்டும் வழக்கம்போல ஆபீஸ் வாசலில் போய் நின்றாள்.

“தம்பி, நாளைக்கு உல வெக்கட்டா, வேணாமா?”

“அக்கா, இப்ப ரேம்ப் டவுன் ஃபேஸ்ல இருக்கோம்.”

“எந்த எழவுலயாவது இரு. உல உண்டா, இல்லயா?”

மேனேஜர் பேனாவைத் திறந்தார், மூடினார். வேண்டாம் என்றால் கேன்டீனை மூடியதாகும். கேன்டீனை மூடினால் கம்பெனியை மூடியதாகும். “அது... மேல கேட்டுச் சொல்றேன்கா.”

“வேணாம்னு நீ சொல்லல. கேட்டுக்குங்கடா எல்லாரும், இவன் சொல்லல!”

மறுநாள் எண்பது பேருக்கும் உலை வைத்தாள். அதற்கு மறுநாளும். கம்பெனி அரிசி, கம்பெனி கேஸ். கேட்டுக்கு வெளியே பூவரச மரத்தடியில் உட்கார்ந்து தின்றோம். மூட்டைகள் காலியாகக் காலியாகச் சோறு கஞ்சியானது. கோபத்தில் மட்டும் அவள் தண்ணீர் கலக்கவில்லை. மேனேஜருக்கும் மேலிடம் சம்பளம் போடவில்லை போல. ஒரு நாள் நாடாவைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு அவரும் வரிசையில் வந்து நின்றார்.

“வாடா, ரேம்ப் டவுன்! தட்ட எடு!”

அப்புறம் ஒரு நாள் மேலிடமே காரில் வந்து இறங்கியது. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள அன்றைக்கு அக்கா கருவாடு சுட்டிருந்தாள். ஏசி ரூமுக்குள் போன பெரியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார்.

“யாரும்மா நீ? யார் பர்மிஷன்ல சமைக்கிற?”

“நல்லதாப் போச்சி சார். நாளைக்கு உல வெக்கட்டா, வேணாமா?”

“ஆபரேஷன்ஸை டிஸ்கன்டினியூ பண்ற பிராசஸ்ல...”

“உல சார்.”

“வைண்டிங் டவுன் ஸ்டேஜ்ல...”

“உல வெக்கட்டா?”

“ஐயோ, கம்பெனியை இழுத்து மூடியாச்சும்மா! இனிமே திறக்கவே மாட்டோம்! எதுக்கு உலை?”

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். மரத்தடியில் இருபது செல்போன் மேலே நின்றது. அக்கா குனிந்து அடுப்பை அணைத்தாள்.

“இத்த சொல்லத்தான் இத்தினி நாளா வாய் வலிச்சிச்சா?”

ஒருத்தரும் கை தட்டவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அப்புறம் சிலர் சொன்னார்கள். வேலை போனதற்குப் பெயர் ஜெயிப்பா? லேபர் ஆபீசில் அந்த வீடியோவைக் காட்டிக் காட்டி, சேர வேண்டியதில் பாதியை வாங்கினோம். அவரவர் பையைத் தூக்கிக்கொண்டு அவரவர் வழியில் போனோம்.

அடுப்பை அணைத்த அன்று மட்டும் யாரையும் அவள் போகவிடவில்லை. கண்ணைச் சட்டைக் கையால் துடைத்தாள், கருவாட்டுப் புகை என்று திட்டினாள். “இன்னா வேடிக்க? அண்டாவுல கீறத எவன் துன்றது? ஒக்காருங்கடா!” மேனேஜர் பாவம், அவள் பந்திக்குப் புதுசு. போதும் என்று கையை நீட்டிவிட்டார். கஞ்சி அவர் வாட்ச் மேல் வழிந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் சாப்பிட்டுவிட்டேன். பரிமாறுகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். போதும் என்று கையை நீட்டினால் உடனே நிறுத்திவிடுகிறார்கள். நான்தான் இன்னும் கொஞ்ச நேரம் கையைத் தட்டின் மேலேயே வைத்திருக்கிறேன்.