மாப்பிள்ளை தந்த மீட்டர்

மீட்டர் மறுபடியும் சிவப்புக்குப் போனது. குழந்தைவேல் அதை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார்.

உள்ளங்கை அகலப் பெட்டி அது. வீட்டுக்குள் காற்று நன்றாக இருந்தால் பச்சை, மூச்சோ புகையோ தேங்கிக் கெட்டால் சிவப்பு, ரொம்பக் கெட்டால் கத்தவும் செய்யும். அதைக் கொடுத்த அன்றே மாப்பிள்ளை பிரேம் கறாராகச் சொல்லிவிட்டான்.

"மாமா, சந்து பொந்து இல்லாம அடைச்சு வூடு கட்டியிருக்கீங்க. உள்ள காத்து எப்படி வரும்? இதுல பச்ச எரிஞ்சாதான் ஆர்த்தியப் பிரசவத்துக்கு இங்க விடுவேன்."

குரும்பலூரிலேயே ஏசி இல்லாமல் குளுகுளுவென்று இருக்கும் ஒரே வீடு என்று குழந்தைவேல் பார்த்தவரிடமெல்லாம் பீற்றிக்கொண்ட வீடு. இரட்டைச் சுவர், இரட்டைக் கண்ணாடி ஜன்னல். வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளச் சுவரில் ஒரு சின்ன ஃபேன். தலைப்பிரசவத்துக்கு வரும் ஒரே மகளுக்கு வியர்க்கக் கூடாது என்றுதான் இத்தனையும். இன்று ஆண்டிமடத்தில், மாப்பிள்ளை வீட்டில், அவளுக்கு வளைகாப்பு. மனைவி கமலவேணி அழைத்துவரப் போயிருந்தாள். இவர் மீட்டருக்குக் காவல்.

இன்றைக்கென்று பார்த்து அந்த ஃபேன் நின்றுவிட்டது.

எலக்ட்ரீஷியன் வீரமுத்துவுக்குப் போன் போட்டுவிட்டு, ஜன்னல்களைத் திறந்தார். பச்சை வந்தது. கூடவே சித்திரை வெயிலும், ஜல்லி லாரிகள் கிளப்பிய புழுதியும் வந்தன. காலையிலிருந்து கட்டிக்காத்த குளுமை போயே போய்விட்டது. பதறிப்போய் எல்லாவற்றையும் சாத்தினார். மீட்டருக்கு நேரே நாற்காலியைப் போட்டு, மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். கவலையில் ஒரு பெருமூச்சு விட்டார். சிவப்பு.

போன் அடித்தது. கமலவேணி.

"ஏங்க, அரியலூர் தாண்டிட்டோம். என்ன காட்டுது?"

"செகப்புதான் கமலா. கையும் ஓடல, காலும் ஓடல."

"வூட்டப் பூட்டியே வெச்சிருந்தா? கொஞ்சம் சாம்பிராணி போடுங்க. கெட்ட காத்து போயிடும்."

போட்டார். கெட்ட காற்றும் போகவில்லை, சாம்பிராணிப் புகையும் போகவில்லை. போக வழி வைத்தால்தானே! மீட்டர் கத்த ஆரம்பித்தது.

கண்ணாடிக்குப் பின்னால் புகையைப் பார்த்த தெருக்காரர்கள், தீப்பிடித்துவிட்டது என்று குடத்தோடு ஓடிவந்தார்கள். தீ இல்லை என்று தெரிந்ததும் போனார்களா? கத்துவது எது என்று பார்க்க மீட்டரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மீட்டர் இன்னும் வேகமாகக் கத்தியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த வீரமுத்து, ஃபேனில் அடைத்திருந்த புழுதியைத் தட்டி ஓடவிட்டான்.

"ஓடுதுல்ல? அப்புறம் ஏன்டா கத்துது?" குழந்தைவேலுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணே, இது உங்க குடும்பத்துக்கு வெச்ச ஃபேன். தெருவே உள்ள நின்னு மூச்சு வுட்டா அது என்ன பண்ணும்?"

எல்லோரையும் கெஞ்சி வெளியே அனுப்பினார். தானும் வெளியேறி, கதவைச் சாத்தி, ஜன்னல் வழியாகப் பார்த்தபடி நின்றார். வெகுநேரம் கழித்துப் பச்சை வந்தது. கைகூப்பினார். அப்போது வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

வேனிலிருந்து இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அத்தைகள், சித்திகள், ஒன்றுவிட்டவர்கள், இரண்டுவிட்டவர்கள். குழந்தைவேல் வாசலில் கையை விரித்து மறித்தார்.

"ரெண்டு ரெண்டு பேரா வாங்க..."

"சம்பந்தி சனத்த வாசல்ல நிறுத்துறீங்களே, புத்தி கெட்டுப்போச்சா?" கமலவேணி பல்லைக் கடித்துக்கொண்டு அவரை ஓரம் தள்ளினாள்.

ஆர்த்திக்கு ஆரத்தி எடுத்தார்கள். வேன் முழுவதும் கூடத்துக்குள் வந்தது. எல்லோரும் ஒன்றாக, "அப்பாடா, என்ன குளுமை!" என்று மூச்சு விட்டார்கள். மீட்டர் வீறிட்டது.

பிரேம் அதன் முன்னால் போய் நின்றான்.

"மாமா, செகப்பு."

"பச்சையாத்தான் இருந்துச்சு மாப்ள. சத்தியமா. இப்பத்தான்..."

"அதெல்லாம் வேணாம். நான் அப்பவே சொன்னேன்ல? ஆர்த்தி, வேன்ல ஏறு."

ஆர்த்தி கண் கலங்கி அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குழந்தைவேலின் பெருமையெல்லாம் இறங்கிப்போனது. வீடு குளுகுளுவென்று இருந்தால் என்ன, வெந்தால் என்ன? மகள் இல்லாத வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"மாப்ள, செவுத்த இடிச்சாவது இன்னும் நாலு ஜன்னல் வெக்கிறேன். வந்த புள்ளயத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடாதீங்க" என்று பிரேமின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மீட்டர் விடாமல் கத்தியது.

வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கடைசி ஆளாக உள்ளே வந்தார் பிரேமின் அப்பா தங்கசாமி. சத்தம் வந்த திசையைப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

"அட, இந்தச் சனியன் இங்கயா வந்து கெடக்கு? எங்க வூட்டுல ஒரு நாளாச்சும் பச்ச காட்டியிருக்குமா! இது கத்துற கத்துல தூக்கம் கெட்டு, எங்கயாச்சும் கொண்டுபோய்த் தள்ளுடான்னு நான்தான் சம்பந்தி இவன வெரட்டுனேன்!"