சப்பாத்து சார் ஹோட்டலை அளந்த கதை

மலாயாவில் காலில் சப்பாத்தோடு பிறந்த ஒரே மனிதர் எங்கள் சப்பாத்து சார்தான். நான் அளப்பதாக நினைப்பவர்கள் கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் வயதான யாரையாவது பிடித்துக் கேட்கலாம். அவருடைய வெறுங்காலை அவர் மனைவியாவது பார்த்திருப்பாரா என்று அவர்களே உங்களைத் திருப்பிக் கேட்பார்கள்.

அவருக்கு வேறு பெயர் ஒன்று இருந்தது. ஞானஸ்நானம் கொடுத்தபோது பாதிரியார் வைத்த பெயர். அது மாதாகோயில் பதிவேட்டுக்குள் இருந்ததோடு சரி, ஒருநாளும் வெளியே வந்ததில்லை. ஊருக்கு அவர் சப்பாத்து சார். டவுன் போர்டில் சுகாதார இன்ஸ்பெக்டர். எந்த டவுன் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த போர்டில் உட்கார்ந்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறார்கள். நான் அங்கே சின்னக் கிராணி. அவர் அளப்பார், நான் எழுதுவேன். என் உத்தியோகமே அதுதான்.

எதால் அளப்பார்? அங்கேதான் விஷயம். அவர் போட்டிருந்தது பட்டாளத்துக் கறுப்புச் சப்பாத்து. குதிகாலிலிருந்து நுனி வரை மிகச் சரியாக ஓர் அடி. "டேப்பு நனைஞ்சா சுருங்கும், வெயில்ல நீளும். இது சுருங்காது, நீளாது, பொய் சொல்லாது" என்பார். ஒரு சப்பாத்தின் நுனியில் அடுத்த சப்பாத்தின் குதியை ஒட்டி வைத்து, கைகளை இறக்கை மாதிரி விரித்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நடப்பார். சாக்கடை, சந்தைக் கொட்டகை, கள்ளுக்கடைத் திண்டு, எல்லாம் அவர் காலடியில் அளவாகி என் நோட்டுப் புத்தகத்துக்கு வந்து சேர்ந்தன.

சட்டம் என்றால் அவருக்குச் சொந்தபந்தம் கிடையாது. வீட்டுப் பூந்தொட்டியில் தண்ணீர் தேங்கிக் கொசுப்புழு நெளிந்தது என்று சொந்த மனைவிக்கே நோட்டீஸ் கொடுத்தார். அந்த அம்மாள் முறைப்படி போர்டுக்கு அப்பீல் எழுதிப் போட்டார். அப்பீலை விசாரிக்க வேண்டிய அதிகாரி யார்? இவர்தான். ஆபீசில் உட்கார்ந்து விசாரித்து, தள்ளுபடி செய்து, அந்தக் கடிதத்தைத் தாமே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அப்புறம் இரண்டு நாள் அவர் சீனன் கடையில் சாப்பிட்டதை நானே பார்த்தேன்.

ஆனால் கழற்றமாட்டார். சப்பாத்தை மட்டும் கழற்றவே மாட்டார். கல்யாணவீடுகளில் பந்தலுக்கு வெளியே நின்றபடி அட்சதையைக் குறிபார்த்து எறிவார். மணமக்களுக்கு அடுத்தபடியாக அவருடைய ஆசீர்வாதத்தை அதிகம் பெற்றவர் நாதஸ்வரக்காரர்தான். ஒருமுறை ஆற்றில் வெள்ளம் ஏறிக் கடைத்தெருவில் முழங்கால் அளவு ஓடியது. அத்தனை பேரும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போனார்கள். இவர் சப்பாத்தோடு நடுத்தெருவில் சளப் சளப்பென்று நடந்து, ஆழம் எத்தனை சப்பாத்து என்று எனக்குக் கூவிச் சொன்னார்.

அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது செக்போஸ்ட் விவகாரம். அவசரகாலம் அது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று ரோட்டில் மறித்துப் பையைத் தடவி, சட்டியைத் திறந்து, சைக்கிள் பம்புக்குள்கூட எட்டிப் பார்த்த காலம். ஒருநாள் புதிதாக வந்த சிப்பாய் ஒருவன் சப்பாத்தைக் கழற்றச் சொல்லிவிட்டான்.

"இது அரசாங்க அளவுகோல். கழட்ட முடியாது" என்றார் சார்.

"உள்ள அரிசி இருந்தா?"

"அரிசி இருந்தா நான் எப்படிய்யா நடப்பேன்?"

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தது. பன்னிரண்டு மணி வெயிலிலும் அவர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பின்னால் லோரிகள் அரை மைலுக்கு நின்றன. கடைசியில் ஒரு பெரிய வெள்ளைக்கார அதிகாரி ஜீப்பில் வந்து, தலையில் அடித்துக்கொண்டு, "போகட்டும் விடு" என்றார். துப்பாக்கிக்கே கழற்றாத மனிதர் என்று ஊரில் அவருக்கு மரியாதை இரண்டு மடங்காகியது.

இப்போது ஹோட்டலுக்கு வருகிறேன்.

தஞ்சோங் காராங் போகிற ரோட்டில், டவுனை விட்டுக் கொஞ்சம் தள்ளி ஒரு மாடி ஹோட்டல் இருந்தது. மேலே கீழே பதினாலு அறைகள், முன்னால் ஒரு பெரிய ஹால். அவசரகாலத்தில் யார் ஊர் சுற்ற வருவார்கள்? வருஷக்கணக்கில் அங்கே தங்கியது எலிகள் மட்டும்தான். அந்த நேரத்தில் காட்டோர ரப்பர் தோட்டம் ஒன்றின் வரிசை வீடுகளான லயங்களைக் காலி செய்யச் சொல்லி உத்தரவாயிற்று. வேலி போட்ட புதுக் குடியிருப்பு கட்டி முடிக்க இன்னும் பல மாதம் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று தோட்டத்துத் துரை ஹோட்டல் முதலாளியான சீனத் தவுக்கேயிடம் பேசி முடித்துவிட்டார். ஒருநாள் மத்தியானம் லோரிகள் வந்து நின்றன. அம்மிக்கல், கோழிக்கூடு, தகரப்பெட்டி, சாமி படம், கைக்குழந்தை என்று வரிசையாக இறங்கின. மொத்தம் நூற்றுப் பதினோரு பேர்.

ஊரே போய் வேடிக்கை பார்த்தது. நானும் போனேன், மறைப்பானேன். ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் குளித்த பீங்கான் தொட்டியில் முனியம்மா என்கிற பால்வெட்டுக்காரம்மாள் வாத்து வளர்க்க ஆரம்பித்திருந்தார். எனக்கு அது நல்ல உபயோகமாகத்தான் பட்டது.

போர்டுக்கு அப்படிப் படவில்லை. சேர்மன் ஜவுளிக்கடை முதலாளி. அவருடைய அப்பாவும் லயத்தில் பிறந்தவர்தான், அதனால்தானோ என்னவோ அவருக்குக் கோபம் அதிகம். கூட்டத்தில் மேசையைத் தட்டினார்.

"நம்ம ஆளுங்கதான், நான் இல்லேங்கல. ஆனா ஹோட்டலோட மரியாதை என்னாவுறது? வெத்தலை போட்டுத் துப்புவாங்க. ஆட்டைக் கட்டுவாங்க. நாளைக்கு யாராச்சும் பெரிய மனுசன் வந்து தங்குவானா?"

"இத்தனை வருஷமா யாரும் வரலீங்களே" என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை என்று எனக்கு ஞாபகப்படுத்தினார்கள்.

டிஸ்திரிக்ட் ஆபீஸ் ஒரே பதில்தான் சொன்னது: விடுதியில் ஓர் ஆளுக்கு இவ்வளவு தரை வேண்டும் என்று போர்டு சட்டம் இருக்கிறதல்லவா? உங்கள் சுகாதார இன்ஸ்பெக்டர் அளந்து, இடம் போதாது என்று எழுதினால் ஆட்களை மாற்றுகிறோம். சேர்மன் முகம் மலர்ந்துவிட்டது. எண்பது பேருக்கு மேல் அந்த ஹோட்டல் தாங்காது என்று பார்த்தாலே தெரியும். அளப்பவரோ பெண்டாட்டிக்கே நோட்டீஸ் கொடுத்த ஆள். காரியம் முடிந்த மாதிரிதான் என்று அன்றைக்கே எல்லோருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன்.

மறுநாள் காலை நானும் சாரும் ஹோட்டல் வாசலில் நின்றோம். முனியம்மாதான் முன்னால் வந்தார். அவரிடம் பயமும் இருந்தது, நியாயமும் இருந்தது.

"சார், எடம் பத்தலன்னு எழுதுனா எங்கள மூணாப் பிரிச்சு அனுப்புவாங்களாம். கோலா குபு பாரு பக்கம் கொஞ்சப் பேரு, மத்தவங்க எங்கெங்கேயோ. என் தங்கச்சி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பாஸ் இல்லாம நகர முடியுமா இந்தக் காலத்துல? ஒருத்தர் சாவுக்கு ஒருத்தர் போவ முடியாது சார்."

"எனக்கு அளக்கிறது மட்டும்தான்மா வேலை" என்றார் சார். குரலில் ஈரம் கொஞ்சமும் இல்லை. அந்த மூன்று தோட்டத்துக்கும் ஆட்களைப் பிரித்த பட்டியலை முந்தின நாளே டைப் அடித்து வைத்திருந்தவன் நான்.

முதல் அறைக்குள் கால் வைக்கப்போனார். முனியம்மா குறுக்கே கையை நீட்டினார்.

"உள்ள ஆத்தா இருக்கா சார். சப்பாத்தக் கழட்டிட்டு வாங்க."

எட்டிப் பார்த்தேன். சுவரில் மாரியம்மன் படம், கீழே விளக்கு. லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படம், இங்கே ஒவ்வொரு அறைக்கும் ஒரு படம். முனியம்மாவுக்கு வேறு நினைப்பே கிடையாது. சாமி இருக்கிற இடத்தில் சப்பாத்து கூடாது, அவ்வளவுதான். சாரோ ஞாயிறு தவறாத வேதக்காரர். தம்முடைய மாதாகோயிலுக்குள்ளேயே சப்பாத்தோடு போய் மண்டியிடுபவர். அடுத்து இங்கே ஒரு செக்போஸ்ட் ரகளைதான் என்று நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

சார் படத்தைப் பார்த்தார். அறைக்குள் பாயில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார்.

உள்ளேயிருந்து முதலில் வந்தது பழைய தமிழ்ப் பத்திரிகை. கசக்கித் திணித்த பத்திரிகைத் தாள். அதற்குப் பின்னால்தான் கால் வந்தது. சின்னக் கால்! ஓர் அடிச் சப்பாத்துக்குள் இத்தனை வருஷமாகப் பத்து அங்குலக் கால் ஒன்று காகிதத்தை அணைத்துக்கொண்டு குடியிருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நோட்டுப் புத்தகத்தைக் கடித்துக்கொண்டேன்.

சார் ஒன்றும் நடக்காத மாதிரி சுவரோரம் போய் நின்று, கைகளை விரித்து, குதிகாலை நுனியோடு ஒட்டி நடக்க ஆரம்பித்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." பத்தடி இருக்க வேண்டிய சுவர் பன்னிரண்டில் போய் முடிந்தது.

"பன்னெண்டு. எழுது."

"சார்..."

"எழுதுய்யா, கிராணி."

எழுதினேன். அகலமும் பன்னிரண்டு. இப்படிப் பதினாலு அறைகளும் என் நோட்டில் ஏறிய வேகத்தில் நீண்டு, அகன்று, காற்றோட்டமாகிவிட்டன. மூன்றாவது அறையிலேயே எனக்குக் கணக்குப் புரிந்துபோயிற்று. சாருக்குப் புரிந்திருக்குமா? பாவம், சாமிக்குப் பயந்து கழற்றினார், பழக்கத்தில் நடக்கிறார், தப்பாக அளக்கிறோம் என்று தெரியாமலே அளக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். தெரிந்துவிடக் கூடாதே என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டும் இருந்தேன்.

கடைசியில் ஹால். அங்கே படம் எதுவும் இல்லை. பழைய பார் கவுண்டரும், அதன் மேலே பியர் கிளாஸை நீட்டிக்கொண்டு நிற்கும் வெள்ளைக்காரி காலண்டரும்தான். சப்பாத்து இரண்டும் வாசலில் தயாராக இருந்தன. சார் அவற்றைத் தாண்டி வெறுங்காலோடு உள்ளே போனார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சார், இங்க ஆத்தா இல்ல. பியர் விளம்பரம்தான்."

அவர் அந்தக் காலண்டரை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"யாரா இருந்தா என்னலா? பொம்பள முன்னால மரியாதை வேண்டாமா? எழுது, நாப்பத்தெட்டு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் முதல் அறையிலிருந்தே தெரிந்துதான் நடந்திருக்கிறார். நான் குனிந்து எழுதினேன்.

ஹோட்டலில் நூற்றுப் பதினைந்து பேர் தாராளமாகத் தங்கலாம் என்று ரிப்போர்ட் போயிற்று. சேர்மன் என்னைக் கூப்பிட்டார்.

"நெசமாவே அளந்தாரா?"

"அளந்தாருங்க. ஒவ்வொரு அடியா நடந்துதான் அளந்தாரு."

சாரையும் கூப்பிட்டார். "டேப்பு வச்சு மறுபடி அளக்கச் சொல்லப்போறேன்."

"தாராளமா அளக்கலாங்க" என்றார் சார். "ஆனா ஒரு கட்டடத்த மட்டும் அளந்தா நல்லாருக்காது. நான் நடந்து அளந்த அத்தனையும் மறுபடி அளக்கணும். ஒங்க கடை முகப்புலேருந்தே ஆரம்பிச்சிடலாமா?"

அந்தக் கடை முகப்பு, சார் அளந்துவிட்டுப் போன பிறகு, சாக்கடையைத் தாண்டி வளர்ந்திருந்தது ஊருக்கே தெரியும். சேர்மன் விசிறியை வேகமாகச் சுற்றவிடச் சொன்னார். டேப் பேச்சு அன்றோடு முடிந்தது. நான் டைப் அடித்த பட்டியலை வீட்டுக்கு எடுத்துப்போய் அடுப்பில் போட்டேன்.

சேர்மனுக்கும் ஒரு வழி இருக்கத்தானே செய்யும். இரண்டு மாதத்தில் சாருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. சுங்கை புரோங் வயல்காட்டில் கால்வாயோரக் கொசுக்களைக் கவனிக்க வேண்டுமாம். கொசுக்கள்மேல் எனக்கு அன்று உண்மையிலேயே இரக்கம் வந்தது.

அவர் கிளம்பிய காலையில் மழை. மரம் நனைந்தால் பால்வெட்டு கிடையாது, அதனால் ஹோட்டலில் எல்லோரும் இருந்தார்கள். பஸ் நிற்குமிடத்துக்கு அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். யாரும் சொல்லாமலே, தோட்டத்தில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்கு நிற்பதுபோல வரிசை கட்டி நின்றார்கள். நானும் ஓரமாக நின்றுகொண்டேன். முனியம்மா அவித்த மரவள்ளிக்கிழங்கை இலையில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"சாப்பாட்டு சாமான் எடுத்துட்டுப் போகக் கூடாதும்மா. வழியில செக்போஸ்ட் இருக்கு. சட்டம்னா சட்டம்தான்" என்றார் சார்.

முனியம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. சார் பொட்டலத்தை வாங்கி, அங்கேயே மழையில் நின்றபடி, ஒரு துண்டு பாக்கி வைக்காமல் சாப்பிட்டு முடித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்தார். கைக்குழந்தைகளைத் துணியை விலக்கிப் பார்த்து எண்ணினார்.

"நூத்திப் பன்னெண்டு. யாரையும் எங்கேயும் அனுப்பல. சரியா இருக்கு."

"நூத்திப் பதினொண்ணுதானே சார்?" என்றேன்.

"நீயும்தானேய்யா நிக்கிற" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிப்போனார்.

ரேஷன் பட்டியல், ஓட்டுப் பட்டியல், பென்ஷன் பட்டியல் என்று என் பெயர் ஏறாத அரசாங்கக் காகிதம் இல்லை. ஆனால் அந்த மழையில் அவர் விரல் என்னையும் சேர்த்து எண்ணியதில் கிடைத்த சந்தோஷம் இன்றுவரை எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.