பாட்டுக்காரி பதில் சொல்லாத விவகாரம்

பேரன்புக்குரிய பெரிய மச்சான் சூரியபிரகாஷ் அவர்களுக்கு,

ஆம்பூரிலிருந்து தங்கள் தங்கை புருஷன் மதியழகன் கும்பிட்டு எழுதுவது. ஓசூரில் தாங்களும் அக்காவும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம், என் காது நீங்கலாக.

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஐம்பத்து மூன்று வயதில், கம்ப்யூட்டர் மேஜைமேல் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு, நீங்கள் பொங்கலுக்குக் கொடுத்த சோப்பு டப்பா சைஸ் ஸ்பீக்கரிடம், "ஒரே ஒரு வரி பாடும்மா, உன் காலைப் புடிக்கிறேன்" என்று நான் கெஞ்சியதைப் பூங்குழலி பின்னால் நின்று பார்த்துவிட்டாள். "யாருங்க அந்தம்மா?" என்றாள். உங்கள் தங்கை அவ்வளவு சாந்தமாகப் பேசினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். மச்சான், அந்தம்மா பாடுவது எனக்குக் கேட்கவில்லை. அதுதான் விஷயம்.

உங்களுக்கு நினைவிருக்கும். வயர் இல்லாத ஸ்பீக்கர், ஒரே மாதிரி இரண்டு செட், உங்களுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று வாங்கி வந்து, நான்கையும் எங்கள் கூடத்தில் பிரித்துப் பரப்பினீர்கள். திரும்பப் பெட்டியில் வைக்கும்போது, "நீங்க கை வைக்காதீங்க மச்சான், இது நம்ம தொழிலு" என்று நான்தான் குறுக்கே விழுந்தேன். ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருடமாக ஜோடி சேர்க்கிற மேஜையில் நிற்கிறவன் நான். என் கையைத் தாண்டி ஒரு பெட்டிகூடத் தப்பு ஜோடியாகக் கப்பல் ஏறியதில்லை. உங்கள் நான்கில் இரண்டு நல்ல கறுப்பு, இரண்டு ஒரு நூல் வெளுத்த கறுப்பு. மற்றவன் கண்ணுக்குத் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஷேடுக்கு ஷேடு சேர்த்துப் பெட்டியில் போட்டேன். நல்ல கறுப்பை எங்களுக்கு வைத்துக்கொண்டேன், மன்னிக்கவும்.

மறுநாளே ஒரு பழைய டூயட்டைப் போட்டேன். அவன் உருகி உருகி ஒரு கேள்வி கேட்கிறான். பிறகு இருபது விநாடி தபேலா மட்டும் நடக்கிறது. மறுபடி அவனே கேட்கிறான். மின்வாரியத்துக்கு போன் போட்டவன் மாதிரி கடைசிவரை அவனே பேசிவிட்டு அவனே முடித்துக்கொள்கிறான். வேறு டூயட் போட்டேன், அதிலும் அந்தம்மா வாய் திறக்கவில்லை. சரி, வெட்டுகிற செக்ஷன் நயீம் அகமதைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். முப்பது வருடமாகப் பிரஸ் மெஷின் பக்கத்தில் நிற்கிற மனுஷன், எதைக் காட்டினாலும் தலையாட்டுவார் என்று அவர் சம்சாரம் ஜஹீருன்னிசா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவரோ சரியாக அந்த இருபது விநாடியில் கண்ணை மூடி, "அடடா, இன்னா வாய்ஸு தோஸ்த்! அந்தம்மா அழுவுறாங்க பாரு!" என்றார். அவருக்கே கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை! அதோடு போன வாரம் நீங்கள் வேறு போனில், "லேடீஸ் வாய்ஸு கண்ணாடி மாதிரி வருது மாப்ளே" என்றீர்கள். அன்றைக்கு இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மெஷின் இரைச்சலில் நின்றவனுக்கு மெல்லிய குரல்தான் முதலில் போகுமாம். "அப்ப நான் கத்தறது மட்டும் எப்டி கேக்குது?" என்றாள் பூங்குழலி. யோசித்துப் பார்த்தேன். அவள் பேசுவதை நான் கேட்கவே இல்லை மச்சான், இத்தனை வருடத்தில் மனப்பாடம் ஆகிவிட்டது! முதுகுக்குப் பின்னால் நின்று ஏதோ சொல்லி, "இப்ப இன்னா சொன்னேன்?" என்று பரீட்சை வைத்தாள். "எங்கண்ணன் குடுத்த பொருளைக் குறை சொல்லாதீங்கன்னே" என்றேன். "பால் பொங்குது, அடுப்பை அணைங்கன்னேன்!" என்றாள். பால் முழுக்க அடுப்பில்.

திங்கட்கிழமை கம்பெனியில் காதுப் பரிசோதனை. அதில் தோற்று அவமானப்படுவானேன்? "காது போய்விட்டது, ஜோடி மேஜையை விட்டுவிடுகிறேன், வாட்ச்மேன் வேலை இருந்தால் போதும்" என்று நேற்றே மேனேஜர் மேஜையில் லெட்டர் வைத்துவிட்டேன். இதைப் பூங்குழலியிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். போனில் சொல்லலாம், ஆனால் நடுவில் அக்கா பேசி எனக்குக் கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்துதான் தபால்.

அக்காவுக்கு என் வணக்கம். என்னிடம் பேச வேண்டியது ஏதாவது இருந்தால் சீக்கிரம் பேசிவிடச் சொல்லுங்கள். பிள்ளைகள் நூறாண்டு இருக்கட்டும், காதோடு.

இப்படிக்கு,
கேட்பாரும் இல்லாத, கேட்கவும் முடியாத
மதியழகன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மகள் பூர்ணிமா வேலூர் ஹாஸ்டலிலிருந்து வந்துவிட்டாள். பொங்கலுக்குப் பிறகு இப்போதுதான் வருகிறாள். பாட்டைக் கேட்டாள். "அந்தக் காலத்துப் பாட்டுல ஆம்பளை வாய்ஸு எடதுபக்கப் பொட்டில, பொம்பளை வாய்ஸு வலதுபக்கப் பொட்டில வரும்பா" என்று சொல்லி, இரண்டையும் கவிழ்த்துக் காட்டிவிட்டு, தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். அடியில் பொடி எழுத்து, இரண்டிலும் இடது. மேனேஜர் லெட்டரை இன்னும் பிரிக்கவில்லையாம், திரும்ப வாங்கிவிடலாம். காது தேறிவிட்டது என்று சொல்லலாம், எப்படித் தேறியது என்று மட்டும் அவர் கேட்கக் கூடாது. உங்கள் வீட்டு ஸ்பீக்கர்களையும் கவிழ்த்துப் பாருங்கள், அங்கே இதுவரை ஓர் ஆம்பிளைகூடப் பாடியிருக்க மாட்டான். ஷேடு மட்டும் துளி வித்தியாசம் இல்லை.