பதினோராவது கிடா வழக்கு

செக்கானூரணி,
வெள்ளிக்கிழமை.

சென்னை ஹைகோர்ட்டையே சட்டைப்பைக்குள் வைத்திருக்கும் அருமை மாப்ள, வக்கீல் செல்வக்குமாருக்கு உன் தாய்மாமன் அழகுபாண்டி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை கனகலட்சுமியும் சுகம். அங்கே நீயும் உன் கட்சிக்காரர்களும் ஜாமீனில் சுகமாக இருக்கப் பாண்டி முனி துணை. போனில் பேசினால் பாதியில் கட் பண்ணிவிடுகிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது, அதனால் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

திருநகர் மண்டபத்தில் உன் சித்தி தமிழ்ச்செல்வியின் மகளுக்குக் காதுகுத்து நடந்ததே, அதற்கு நான் கொண்டுபோன சீரைப் பார்த்து மதுரை ஜில்லாவே வாயைப் பிளந்தது. "பதினோரு கிடாவுடன் தாய்மாமன் வருகிறார்" என்று நாற்பதடிக்கு பிளக்ஸ் அடித்திருந்தேன். அன்று காலையில் எண்ணினால் பத்துதான் இருக்கிறது, சந்தைக்காரன் ஒன்றை அனுப்பவில்லை. சீர் ஒற்றைப்படையில் போக வேண்டாமா? தெருமுனையில் நம்ம சீனியம்மாளின் கிடா சும்மாதான் நின்றது. காட்டிவிட்டுத் திருப்பிக் கட்டிவிடலாம் என்று மாலையைப் போட்டேன், அதுவும் மணவறைக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி வேனில் ஏறி நின்றது. விருந்து அமளியில் அது எங்கே போனதோ, குழம்பில்தான் கொதித்திருக்கும். டிரோன் வீடியோவில் தன் கிடாவைப் பார்த்த சீனியம்மாள் என்னிடம் வந்து கேட்டுவிட்டு, நேரே ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள்.

அங்கே இருந்த எஸ்.ஐ. அம்மா என் கம்பீரத்தைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார், மின்விசிறியைப் போடத்தான் எழுந்தார் என்று உன் அத்தை சொல்வதை நம்பாதே. "திருட்டுன்னு மனு வந்திருக்குய்யா, பிரிவு முன்னூத்தி மூணு" என்றார். "ஒத்த ஆளாப் போய்த் தூக்க நான் என்ன களவாணியாம்மா? மச்சினங்க நாலு பேரோட போயித்தான் ஏத்துனோம்" என்றேன். "அப்ப அஞ்சு பேரு" என்று எழுதினார். "அந்தக்கா வந்து கேட்டப்ப, இன்னொருக்கா கேட்டா நடக்குறதே வேறன்னு ஒரே வார்த்தைதான், கப்சிப்!" என்றேன். "மிரட்டலும் சேந்துருச்சு. ஐயா, நான் இன்னும் கேள்வியே கேக்கல!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். உன் அத்தை என் வாயைப் பொத்தியிருக்காவிட்டால் சட்டப் புத்தகத்தில் பக்கம் பத்தாமல் போயிருக்கும்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை. சமாதானம் ஆகாவிட்டால் எப்.ஐ.ஆர். போட்டு உள்ளே வைத்துவிடுவார்களாம். நீ போனில் சொன்ன வழிகளை யோசித்தேன். ஆடு என்னுடையது என்று நினைத்து ஏற்றிவிட்டேன், திருடும் எண்ணம் இல்லை என்று சொல்லச் சொன்னாய். சொன்னால் என் கிடா பத்துதான் என்று ஊருக்கே தெரிந்துவிடும். சீனியம்மாள் சம்மதத்தோடு வாங்கிப்போனதாகச் சொன்னாலோ, இரவல் கிடாவில் சீர் செய்தவன் என்று என் பேரன் காலம்வரை பேசுவார்கள். முன்ஜாமீன் வாங்கலாம்தான், எங்கள் தெருவில் அதை வாங்கும் முதல் ஆள் நானாக இருப்பேன், ஆனாலும் கிடாக் கணக்கு தீராதே! வாயைத் திறக்காமல் இருப்பது என் உரிமை என்றாய். பிறந்ததிலிருந்து நான் பயன்படுத்தாத உரிமை அது ஒன்றுதான், இனிமேலா பழகப் போகிறேன்? ஆகவே மாப்ள, நான் குற்றவாளியாகவும் இருக்கக் கூடாது, கிடாவும் பதினொன்றாகவே இருக்க வேண்டும். அப்படி ஒரு வாதத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு ஞாயிறு இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிவிடு.

மீனாட்சி அருளால் நீ ஜட்ஜாகி, மாமன் வழக்கை நீயே விசாரிக்கும் பாக்கியம் கிட்டட்டும்.

இப்படிக்கு,
பதினோரு கிடா அழகுபாண்டி

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். தமிழ்ச்செல்வி இப்போதுதான் போன் செய்தாள். சீனியம்மாளின் கிடா வெட்டுப்படவில்லையாம், மண்டபத்துக்குப் பின்னால் வாழையிலையைத் தின்றுகொண்டு என்னைவிடக் கொழுத்து நிற்கிறதாம். கிடா கைக்கு வந்ததும் மனுவை வாபஸ் வாங்கப் போகிறாள். அங்கேதான் மாப்ள சிக்கல்! ஸ்டேஷனில் கொடுத்த மனு ரசீதை இப்போதுதான் படித்தேன். "பதினோரு கிடாக்களுடன் சென்ற ஊர்வலத்தில்" என்று முத்திரை குத்தி எழுதியிருக்கிறது. அரசாங்கமே எண்ணிச் சொன்ன கணக்கு! அதற்குக் கண்ணாடிச் சட்டம் போடப் போகிறேன், மனு போய்விட்டால் ரசீதும் செல்லாதே! அவள் வாபஸ் வாங்க முடியாதபடி ஏதாவது பிரிவு இருந்தால் உடனே பார்த்துச் சொல்.